கேளுங்கள், சொல்கிறேன்: ரி கலத்துக்கு நிறம் போடுகிறவர்களுக்கு

போன இதழில் ஒரு வாசகரின் குருதி அறிக்கையைப் பற்றி எழுதும்போது "சிடி4 எண்ணிக்கை" (ரி கலம் எனப்படும் வெண்குழியங்களில் சிடி4 என்ற அடையாளம் உள்ளவற்றின் எண்ணிக்கை) என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விட்டேன். அது என்ன, எப்படி எண்ணுகிறார்கள், அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சீனி வருத்தம், முழங்கால் நோ பற்றிய கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்க இதற்கே இடம் தருகிறேன். ஆசிரியர் பக்கக் கணக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சமாளித்துவிட்டேன்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். பி நிணநீர்க்குழியமும் ரி நிணநீர்க்குழியமும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று சேர் சொன்னார். அப்படியென்றால் அவை இரண்டு வகை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (மாணவி, கொக்குவில்)

உங்கள் சேர் சொன்னது சரி. கண்ணாடித் தட்டில் குருதியைப் பூசி லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டுமே பெரிய வட்டக் கருவும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய நீல ஓரமுமாகத்தான் தெரியும். இது பி, இது ரி என்று பார்த்தே சொல்வேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.

வேறுபாடு முதலில் தெரிந்தது அவை செய்கிற வேலையில்தான். பிறந்த உடனேயே எலிக்குட்டியின் தைமசுச் சுரப்பியை அகற்றிவிட்டால் அதன் நிர்ப்பீடனம் சரியாக வளர்வதில்லை என்று 1961இல் ஜாக் மில்லர் காட்டினார். அதற்கு முன் தைமசை ஒரு வேலையுமில்லாத மிச்ச உறுப்பாகத்தான் பலர் நினைத்திருந்தார்கள். 1968இல் அவரும் கிரகாம் மிச்செலும் அடுத்த படியைச் சொன்னார்கள்: அந்நியப் பொருளில் போய் ஒட்டும் புரதமான பிறபொருளெதிரியைச் சுரப்பது என்பு மச்சையிலிருந்து வரும் கலம், தைமசிலிருந்து வருவது அதற்கு உதவி செய்வது.

சரி, ஒரு மனிதரின் குருதியில் எது ரி என்று எப்படிப் பார்ப்பது? 1970களில் செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். செம்மறி ஆட்டின் செங்குழியங்களை மனித நிணநீர்க்குழியங்களோடு கலந்து குளிரில் வைப்பார்கள். ரி கலத்தைச் சுற்றி ஆட்டுக் குழியங்கள் ஒட்டிக்கொள்ளும், பி கலத்தைச் சுற்றி ஒட்டாது. பிறகு நுணுக்குக்காட்டியின் முன் இருந்து, சுற்றிவரக் குழியம் ஒட்டியவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஏன் ஒட்டுகிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. ரி கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் சிடி2 என்ற புரதம்தான் ஆட்டுக் குழியத்தைப் பிடிக்கிறது என்பது பிறகு வெளிவந்தது.

ஆட்டுக் குருதியிலிருந்து நம்மை விடுவித்தது ஒற்றைக்குலப் பிறபொருளெதிரி, அதாவது ஒரே கலத்தின் வழிவந்தவை சுரப்பதால் எல்லாம் ஒரே இலக்கில் ஒட்டுவது. ஜோர்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்ரைனும் 1975இல் அதைச் செய்யும் வழியைக் கண்டார்கள், 1984இல் நோபல் பரிசும் வந்தது. அந்த வழியில் மனித ரி கலங்களில் மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரிகள் 1979இல் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஓகேரி3. அதையே 1986இல் அமெரிக்காவில், மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்கும் மருந்தாகவும் அனுமதித்தார்கள். மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்ற முதலாவது ஒற்றைக்குலப் பிறபொருளெதிரி அதுதான்.

ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன் பிறபொருளெதிரிக்குத் தன் விருப்பப்படி பெயர் வைத்ததில் பெரிய குழப்பம் வந்தது. 1982இல் பாரிசில் கூடி, ஒரே மூலக்கூறில் ஒட்டுகிறவற்றை ஒரே எண்ணின் கீழ்க் கொண்டுவந்தார்கள். சிடி3, சிடி4, சிடி8 என்ற எண்கள் அங்கிருந்து வந்தவை. இன்று அந்த வரிசை 370ஐத் தாண்டிவிட்டது.

இவற்றில் ரி கலத்துக்கு உறுதியான அடையாளம் சிடி3. ரி கலம் தன் எதிரியை இனங்காணும் மேற்பரப்புப் புரதத்துக்கு வாங்கி என்று பெயர். அந்த வாங்கியின் கூடவே இருந்து, உள்ளே செய்தி அனுப்புவது அது. அந்த வாங்கி இல்லாத கலத்தின் மேற்பரப்பில் சிடி3 வராது. பரீட்சைக்கு இவ்வளவு தேவையில்லை, பிள்ளை. ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

என் மகன் ரொறன்ரோவில் ஆராய்ச்சி செய்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "கலங்களுக்கு நிறம் போட்டு லேசருக்குள்ளால் ஓட விடுகிறேன் அம்மா" என்கிறான். இரவு பத்து மணிக்கும் ஆய்வுகூடத்தில்தான் நிற்கிறான். என்னோடு பகிடி விடுகிறானா? (தாய், சுன்னாகம்)

பகிடி இல்லை அக்கா, பிள்ளை உள்ளதைத்தான் சொல்கிறார்.

குருதியில் கொஞ்சம், பெரும்பாலும் 100 மைக்கிரோலீற்றர், எடுத்து அதற்குள் பிறபொருளெதிரியை விடுவார். அதில் ஒளிரும் சாயம் ஒன்று வேதிமுறையில் கட்டப்பட்டிருக்கும். சிடி3இற்கான பிறபொருளெதிரி என்றால் சிடி3 இருக்கும் கலத்தில் போய்க் குந்திக்கொள்ளும். கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் இருட்டில் வைத்துவிட்டுச் செங்குழியங்களை அமோனியம் குளோரைட்டுக் கரைசலால் உடைத்து, கழுவி, இயந்திரத்துக்குக் கொடுப்பார். அந்த இயந்திரத்தின் பெயர்தான் புளோ சைற்றோமீற்றர்.

உள்ளே வேகமாக ஓடும் உப்புக்கரைசலின் நடுவில் கலங்கள் இருக்கும் திரவத்தை மெல்லிய இழையாகச் செலுத்துகிறார்கள். வெளிக் கரைசல் உள் இழையை நெருக்குவதால் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர்க் கதிரைக் கடக்கும், வினாடிக்கு ஆயிரக்கணக்கில். முன்னால் சிதறும் ஒளி கலத்தின் பருமனைப் பற்றி ஓரளவு சொல்லும். பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே எவ்வளவு சிறுமணிகள் உண்டு என்று சொல்லும். கலத்தில் சாயம் இருந்தால் லேசர் பட்டதும் ஒளிரும், அந்த நிறத்துக்கென்று வைத்த உணரி அதைப் பிடிக்கும். கணினித் திரையில் ஒவ்வொரு கலமும் ஒரு புள்ளி.

இது ஒரே நாளில் ஒருவர் செய்த இயந்திரமும் இல்லை. பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைக் கட்டலாம் என்று அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் காட்டிவிட்டார். வொலஸ் கூல்ரர் ஒரு சிறு துவாரத்தால் கலங்களை ஓடவிட்டு, மின்தடை மாறுவதைக் கொண்டு எண்ணும் முறைக்கு 1953இல் காப்புரிமை பெற்றார். 1965இல் லொஸ் அலமொசில் இருந்த மாக் ஃபுல்வைலர், மையைத் துளித்துளியாகத் தெளித்து எழுதும் கருவிக்கென்று ரிச்சர்ட் ஸ்வீற் கண்ட உத்தியை வாங்கிக் கலங்களைப் பிரிக்கும் இயந்திரம் செய்தார். துளிக்கு மின்னேற்றம் கொடுத்தால் விரும்பிய பக்கம் விழுத்தலாம், துளிக்குள் கலம் இருந்தால் கலமும் அந்தப் பக்கம்தான். லெனர்ட் ஹேர்சன்பேர்க்கின் குழு ஸ்ரான்ஃபோர்டில் அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்தது.

இரவு பத்து மணி விடயம்: நிறம் போட்ட கலங்களை அன்றன்றே ஓடவிட்டால்தான் நல்லது. அதோடு பெரிய ஆய்வுகூடங்களில் இயந்திரத்துக்கு முறை வைத்துத்தான் நேரம் கொடுப்பார்கள், இளையவர்களுக்கு இரவுதான் கிடைக்கும். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், ஏன் நிற்கிறாய் என்று கேட்காதீர்கள்.

நான் முதன்முறையாக மனித ரி கலங்களுக்கான சாயத் தொகுதி ஒன்றைத் திட்டமிடுகிறேன். எங்களுக்குக் கிடைக்கும் இயந்திரத்தில் நீலம், சிவப்பு என இரண்டு லேசர், நான்கு நிற உணரி. சிடி4, சிடி8 இரண்டும் போட்டால் போதாதா? எந்த நிறத்தை எதற்குப் போடுவது? (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

தம்பி, போதாது. இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சிடி4 ஒளிர்ந்தால் அது உதவி ரி கலம் என்று பாடப்புத்தகம் சொல்லிவிட்டுப் போய்விடும். குருதியில் உள்ள மொனோசைற்று என்ற வேறு வெண்குழியங்களிலும் சிடி4 உண்டு, மங்கலாக. சிடி8உம் ரி கலத்துக்கு மட்டும் சொந்தமில்லை, இயற்கைக் கொல்லிக் கலங்களில் ஒரு பகுதி அதை மங்கலாகக் காட்டும். ஆகவே முதலில் சிடி3. அதற்குள்ளே சிடி4, சிடி8ஐப் பிரியுங்கள். அப்படிப் பிரித்த பிறகும் இரண்டும் இல்லாத சிறு கூட்டம் ஒன்று மிஞ்சும். கழிவு என்று தள்ளிவிடாதீர்கள். காமா டெல்ரா என்ற வேறு வகை வாங்கியுள்ள ரி கலங்களில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன.

நாலாவது உணரியை இன்னொரு அடையாளத்துக்குக் கொடுக்க ஆசை வரும். வேண்டாம். அதை இறந்த கலங்களைக் காட்டும் சாயத்துக்குக் கொடுங்கள், 7-ஏஏடி நல்லது. இறந்த கலம் எந்தப் பிறபொருளெதிரியையும் கண்டபடி பிடித்துக்கொள்ளும். நீங்கள் "அரிய புதுவகை ரி கலம்" என்று சந்தோசப்படும் புள்ளிகளில் பாதி பிணமாக இருக்கும். மேற்பார்வையாளருக்குக் காட்ட முன் இதை நினையுங்கள்.

நிறம் ஒதுக்குவதில் ஒரு பழைய விதி உண்டு. கலத்தில் குறைவாக இருக்கும் மூலக்கூறுக்குப் பிரகாசமான சாயம், நிறைய இருக்கும் மூலக்கூறுக்கு மங்கல் சாயம். எஃப்ஐரிசி என்ற சாயம் பச்சையாக 520 நனோமீற்றர் அலைநீளம் அளவில் ஒளிரும், பிரகாசம் நடுத்தரம். பிஈ 578 அளவில், மிகப் பிரகாசம். ஏபிசி சிவப்பு லேசரில் தூண்டப்பட்டு 660இல் ஒளிரும். உங்களுக்கு நான் எழுதித் தருவதென்றால் சிடி3 ஏபிசி, சிடி4 பிஈ, சிடி8 எஃப்ஐரிசி. சிடி8 தான் இருக்கும் ரி கலங்களில் தாராளமாக இருக்கிறது, எஃப்ஐரிசியே தாங்கும். சிடி4உம் சிடி8உம் முதிர்ந்த ரி கலமொன்றில் சேர்ந்து இருப்பது அரிது என்பதால், அந்த இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கசிந்தாலும் குழப்பம் குறைவு.

கசிவு என்றேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பக்கத்துப் பக்கத்து வீதிகளில் இரண்டு ஒலிபெருக்கி பாடினால், நீங்கள் எந்த வீதியில் நின்றாலும் மற்றதும் கொஞ்சம் காதில் விழும். எஃப்ஐரிசியின் ஒளி நீண்ட வாலாகப் பிஈ உணரிக்குள் விழுவது அப்படித்தான். அதைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டிய அளவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்கக்கூடாது. ஒவ்வொரு சாயத்துக்கும் அந்த ஒரு சாயம் மட்டும் போட்ட குழாய் ஒன்று வேண்டும். அதன் பிரகாசம் உங்கள் மாதிரியின் பிரகாசத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பிஈயின் ஒளி 7-ஏஏடி உணரிக்குள் நிறையவே விழும். அந்தக் குழாயில் சோம்பல் பட்டால் உயிரோடு இருக்கும் சிடி4 கலங்கள் அரைச் சாவாகத் தெரியும்.

எல்லை எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு மதம். "ஐசோரைப்" கட்டுப்பாடு என்று ஒன்று வாங்கச் சொல்வார்கள், ஒன்றிலும் ஒட்டாத பிறபொருளெதிரியில் அதே சாயம். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. அது வேறொரு பிறபொருளெதிரி, அதில் சாயம் ஏறியிருக்கும் அளவும் வேறாக இருக்கலாம். தொகுதியிலுள்ள எல்லாவற்றையும் போட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்த குழாய்தான் அந்த ஒன்றின் எல்லையை நேர்மையாகக் காட்டும். சிடி3, சிடி4, சிடி8 தெளிவாகப் பிரிபவை, அவற்றுக்கு அது அவ்வளவு அவசரமில்லை. நாளைக்கு சிடி25, சிடி127 வைத்து ஒழுங்காக்கும் ரி கலங்களைத் தேடினால் அதில்லாமல் ஒரு அடியும் நகராதீர்கள்.

காசு விடயம். போத்தலில் ஒரு சோதனைக்கு 5 மைக்கிரோலீற்றர் என்று எழுதியிருக்கும். அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று தாராளமாகப் போட்ட அளவு. பாதிபாதியாகக் குறைத்து ஒரு வரிசை செய்து, ஒளிரும் கூட்டத்துக்கும் ஒளிராத கூட்டத்துக்கும் இடைவெளி எங்கே அதிகமோ அந்த அளவை எடுங்கள். பல தடவை அது எழுதியிருப்பதைவிடக் குறைவாக வரும். பிறபொருளெதிரி கூடினால் நல்லது என்றில்லை, கூடினால் பின்னணியும் கூடும்.

இன்னும் ஒன்று. வாங்கும்போது "சிடி4" என்று மட்டும் எழுதி அனுப்பாமல் எந்தக் குலம், அதாவது எந்தக் கலவழி சுரந்த பிறபொருளெதிரி, என்றும் எழுதுங்கள். ஓகேரி4 என்ற குலம் ஒட்டும் இடம் சிலரில் பரம்பரையாக மாறியிருக்கும். அவர்களுக்குச் சிடி4 ஒழுங்காக இருந்தும் அந்தக் குலம் "இல்லை" என்று காட்டும். ஆர்பிஏ-ரி4 அல்லது எஸ்கே3 எடுத்தால் அந்தத் தலையிடி இல்லை.

குருதியில் கலத்தைத் தேட எலியைக் கொல்ல வேண்டுமா? சைவ சமயப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பேரன் விளக்கியதிலிருந்து மனம் சரியில்லை. (வண்ணார்பண்ணை)

ஐயா, பூசி மெழுகாமல் சொல்கிறேன். கலத்தைத் தேட உதவும் பிறபொருளெதிரியைச் செய்யத் தொடக்கத்தில் எலி வேண்டும். மனித ரி கலத்தை எலிக்கு ஏற்றுவார்கள், அதன் உடல் எதிர்ப்புக் காட்டும். பிறகு எலியைக் கொன்று மண்ணீரலை எடுத்து, அதிலுள்ள பி கலங்களைச் சாகாத புற்றுக் கலங்களோடு இணைப்பார்கள். அந்தக் கலப்புக் கலம் ஒரே பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும். யுசிஎச்ரி1, ஓகேரி3 போன்ற பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்கள் பல பத்தாண்டுகளாக உறைநிலையில் வைத்து வளர்க்கப்படுபவை. இன்று ஒரு போத்தல் வாங்குவதற்காகப் புதிதாக எலி சாவதில்லை, கலங்கள் பெரிய பாத்திரங்களில் வளர்கின்றன. முன்பு எலியின் வயிற்றுக்குள்ளேயே அவற்றை வளர்த்துத் திரவத்தை ஊசியால் எடுத்தார்கள். அது கொடுமையான வழி, ஐரோப்பாவில் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன.

இப்போது பிறபொருளெதிரியின் மரபணுவை எடுத்து வேறு கலத்தில் வைத்துச் செய்யும் முறை பரவிவருகிறது. விலங்கே இல்லாமல், பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளின் மேற்பரப்பில் பிறபொருளெதிரித் துண்டுகளை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழியும் உண்டு. அதில் வேலை செய்த ஜோர்ஜ் சிமித்துக்கும் கிரெகரி வின்ரருக்கும் 2018 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உங்கள் மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் எயிட்ஸ் நோயாளியின் சிடி4ஐ எண்ணாமல் வைத்தியம் பார்க்கச் சொல்ல என்னால் முடியாது.

இரவு முழுக்க கரண்ட் இல்லை. பிறபொருளெதிரிப் போத்தல்கள் இருந்த பிரிஜ் காலையில் சூடாகக் கிடந்தது. எல்லாவற்றையும் எறிவதா? பெரிய விலை. (ஆய்வுகூட உதவியாளர்)

எறியாதீர்கள். 90களில் குடாநாட்டுக்கு மின்சாரமே இல்லாமல் மண்ணெண்ணெயில் பிரிஜ் ஓடிய காலத்தையும், 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் வெட்டிய காலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். பதறாமல் ஒவ்வொரு போத்தலாக யோசியுங்கள்.

பிறபொருளெதிரி தானாக அவ்வளவு சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை. போத்தலில் பற்றீரியா வளராமல் சோடியம் ஏசைட்டும் இருக்கும். எஃப்ஐரிசி, பிஈ, ஏபிசி கட்டியவை ஓர் இரவு வெளிச் சூட்டில் இருந்ததால் செத்திருக்க வாய்ப்புக் குறைவு. எனக்குக் கவலை இரட்டைச் சாயங்களில்தான். பிஈ-சை7 போன்றவற்றில் ஒரு சாயம் வாங்கிய சக்தியை மற்றதற்குக் கடத்தும். சூட்டிலும் வெளிச்சத்திலும் அந்தப் பிணைப்பு குலைந்தால் பிஈ தன் நிறத்திலேயே ஒளிரத் தொடங்கும். சிடி4இற்கு அதைப் போட்டிருந்தால், பிஈ உணரியில் இல்லாத ஒன்று இருப்பதாகக் காட்டும். செத்த சாயத்தைவிட இது மோசம், ஏனென்றால் விடை வந்தமாதிரியே இருக்கும்.

செய்ய வேண்டியது: போத்தலில் திகதியும் நடந்ததும் எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ள ஒருவரின் குருதியில் அந்தப் போத்தலையும், கெடாத ஒன்று கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, ஒளிரும் கூட்டத்தின் நடுப் பிரகாசத்தை ஒப்பிடுங்கள். இரட்டைச் சாயம் என்றால் அது மட்டும் போட்ட குழாயில் பிஈ உணரியையும் பாருங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து கரண்ட் வந்த பிறகு. யாராவது "பத்திரமாக இருக்கட்டும்" என்று போத்தல்களைத் தூக்கி உறைபெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிஈயும் ஏபிசியும் பெரிய புரதங்கள், உறைந்தால் குலையும். 2 முதல் 8 பாகை, இருட்டு, அவ்வளவுதான். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பெட்டி வரும்போதும் இதையே சொல்லுங்கள். ஐஸ்கட்டி நேரே போத்தலில் முட்டாமல் நடுவில் ஒரு மட்டை இருக்கட்டும்.

ரி கலங்களைப் பிஎம்ஏ, அயனோமைசின் போட்டுத் தூண்டினேன். உள்ளே இன்ரர்பெரோன் காமா என்ற செய்திப் புரதம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சிடி4 கூட்டம் காணாமல் போய்விட்டது. இரண்டு தடவை செய்தும் அதே. (ஆய்வு மாணவி)

கலங்கள் போகவில்லை பிள்ளை, சிடி4தான் உள்ளே போய்விட்டது. பிஎம்ஏ மேற்பரப்பிலுள்ள சிடி4ஐ உள்ளிழுக்க வைக்கும். சிடி3உம் ஓரளவு குறையும். நீங்கள் எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான் வரும். எப்படியும் கலத்தைப் பதப்படுத்தித் துளைக்கிறீர்கள்தானே, சிடி4 பிறபொருளெதிரியை அந்தப் படிக்குப் பிறகு போடுங்கள். உள்ளே கிடப்பதையும் பிடிக்கும். இல்லையென்றால் சிடி3 உள்ள, சிடி8 இல்லாத கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படிச் செய்தேன் என்று கட்டுரையில் எழுதியும் விடுங்கள். ஒருவேளை பிஎம்ஏயை விட்டுவிட்டு ஓகேரி3ஆல் தூண்டப் பார்த்தால் வேறொரு சிக்கல்: தூண்டிய பிறபொருளெதிரியே சிடி3இன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், நிறம் போட்ட சிடி3க்கு இடம் கிடைக்காது.

இந்த நிறங்களில் ஒன்று கடற்பாசியிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? எங்கள் பக்கம் பாசி வளர்க்கிறார்கள். விற்கலாமா? (குருநகர்)

உண்மை. மேலே பிஈ என்று சொல்லிக்கொண்டு வந்தேனே, அது பைக்கோஎரித்திரின். சிவப்புப் பாசியின் சிவப்பே அதுதான். ஆழத்துக்குப் போகப் போகச் சிவப்பு ஒளி தண்ணீரில் கரைந்துபோய் நீலமும் பச்சையும்தான் மிஞ்சும். அந்த ஒளியை வாங்கிப் பச்சையத்துக்குக் கொடுப்பதற்குப் பாசி வைத்திருக்கும் புரதம் அது. அதே நீல, பச்சை ஒளியை லேசரிலிருந்து கொடுத்தால் பளீரென்று ஒளிரும். 1982இல் வேர்னன் ஓய், அலெக்சாண்டர் கிளேசர், லூபேர்ட் ஸ்ரையர் மூவரும் அதைப் பிறபொருளெதிரியில் கட்டிக் காட்டினார்கள். ஏபிசியும் அதன் உறவுதான், அதைப் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கிறார்கள்.

விற்பது பற்றி: கரையில் ஒதுங்கும் சாதாழையில் இது கிடையாது. வளர்ப்பில் இருக்கும் காப்பாபைக்கஸ் சிவப்புப் பாசி, அதில் பிஈ உண்டு. ஆனால் அதை வாங்குகிறவர்கள் தேடுவது காராஜீனன் என்ற பசைப்பொருளை. வெயிலில் காயப்போட்டால் நிறம் வெளுத்துவிடும், நிறத்தோடு இந்தப் புரதமும் போய்விடும். பசுமையாக, குளிரில், இருட்டில் வைத்துப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்த வேண்டும். போத்தலின் விலை அந்தச் சுத்தப்படுத்தலுக்குத்தான், பாசிக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனம் படிக்கும் பிள்ளை யாராவது செய்துபார்த்தால் நல்ல ஆய்வாக இருக்கும். வலைக்கு மாற்றாக இதை நம்பி இறங்க வேண்டாம்.

எனக்கு அடிக்கடி தடிமன் வருகிறது. சிடி4 பரிசோதனை செய்து பார்க்கட்டா? (மானிப்பாய்)

வேண்டாம். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு ஒரு மைக்கிரோலீற்றரில் சுமார் 500 முதல் 1500 வரை இருக்கும், நாளுக்கு நாள் கூடிக் குறையும். சாதாரணக் காய்ச்சலிலும் இறங்கும். 200க்குக் கீழ் என்ற எல்லை எச்ஐவி தொற்று உள்ளவருக்குத்தான் எயிட்ஸ் என்று பொருள்படும். தடிமனுக்கு உங்கள் வைத்தியரிடம் போங்கள். எச்ஐவி பற்றிய சந்தேகம் உள்ளூர இருந்தால் அதற்கான பரிசோதனையைக் கேளுங்கள், அது வேறு பரிசோதனை.

காலை எட்டு மணிக்கு எடுத்த குருதிக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு நிறம் போடலாமா? (ஆய்வுகூட மாணவர், பருத்தித்துறை)

குருதி உறையாமல் தடுக்கும் ஈடிரிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்திருந்தால் போடலாம். பிரிஜ்ஜுக்குள் வைக்காதீர்கள். ரி கலம் எண்ணுகிற குருதியை அறை வெப்பநிலையில்தான் வைப்பது வழக்கம். ஆனால் அந்த அறை வெப்பநிலை 20 பாகைக்கு அண்மையில் என்று நினைத்து எழுதியது, பங்குனி சித்திரையில் பருத்தித்துறை அறையை நினைத்து எழுதியதில்லை. ஏசி உள்ள அறை ஒன்றைத் தேடி வையுங்கள். அதைவிட, உங்கள் நோயாளிகள் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். குருதியில் ரி கலங்கள் காலையில் குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும், உடலின் கோர்ட்டிசோல் ஓமோனின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து. ஒருவருக்குக் காலை எட்டுக்கும் இன்னொருவருக்கு மாலை ஐந்துக்கும் எடுத்துவிட்டு, இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தை நோயின் கணக்கில் எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். குழாயில் பெயரோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்.